மதினி பேரில் ஒரு புழு

எனக்குப் பெண் பார்க்கப் போன முதல் இரண்டு வீடுகளில் காபி வந்தது, சம்மதம் வரவில்லை. மூன்றாவது வீட்டில் காபியே வரவில்லை. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை எதுல ஆராய்ச்சி பண்றாக?" என்று கேட்டார். கூட வந்திருந்த அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தேரையோட குடலுக்குள்ள இருக்குற புளுவுல."

அதுவரை உள்ளே டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் விருதுநகர் தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் ஒரே மூச்சில் கேட்டான். "ஏலே, விலங்கியல்னு சொன்னா வாய் கோணிக்கிருமாலே? குடலைச் சொல்லி, அதுக்குள்ள இருக்குற புளுவையும் சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்ததும் விஷயம் மதினி காதுக்குப் போனது. அண்ணன் மனைவிக்குக் கொழுந்தனைக் கிண்டல் செய்யப் பிறப்புரிமை உண்டு. என் மதினி அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"கொழுந்தனாரே, அடுத்த வீட்டுல பாம்புன்னு சொல்லுங்க. பாம்புக்காச்சும் ஊருக்குள்ள ஒரு மருவாதை இருக்கு."

சொல்லப்போனால் பாம்புக்குள்ளும் அந்தப் புழு இருக்கும். ஓணானுக்குள் இருக்கும், தவளைக்குள் இருக்கும். முள்தலைப் புழு என்று பெயர். நூல் துண்டு போல வெள்ளையாக, விரல் நகத்தின் நீளம்கூட இல்லாமல் கிடக்கும். அதற்கு வாய் கிடையாது, குடல் கிடையாது. தலையில் ஒரு குட்டித் தும்பிக்கையும் அதைச் சுற்றிப் பின்பக்கமாக வளைந்த முட்களும் உண்டு. அந்தத் தும்பிக்கையை அடுத்தவர் குடலில் ஊன்றிக்கொண்டு, அவர் சாப்பிடுவதில் தன் பங்கைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். முப்பத்தாறு வயதில், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் புழுவின்மேல் குறை சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை.

இன்ன வகைப் புழு என்று கண்டுபிடிக்க அந்த முட்களை எண்ண வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தும்பிக்கையில் முட்கள் கீழிருந்து மேலாக எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை முள் என்று எண்ணிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், இத்தனை வரிசை என்றால் இந்தப் பக்கம் போ, அத்தனை என்றால் அந்தப் பக்கம் போ என்று அது வழி சொல்லும். போகிற வழியில் ஒரு பெயர் கிடைக்கும். எந்தப் பெயரும் கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று. அது உலகம் அறியாத புதுப் புழுவாக இருக்க வேண்டும், அல்லது எண்ணியவன் மடையனாக இருக்க வேண்டும்.

தேரைகளை உயிரோடு பிடித்து அறுப்பதற்கு இந்தக் காலத்தில் அனுமதி கிடைப்பது பெரும்பாடு. அதனால் என் வழிகாட்டிப் பேராசிரியர், ரோட்டில் அடிபட்டுச் செத்தவற்றை மட்டும் எடுக்கச் சொல்லி, அதற்கும் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் மழை பெய்த மறுநாள் விடிந்ததும் சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற ரோட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவேன். லாரிச் சக்கரத்தில் அகப்பட்ட தேரைகள் அங்கங்கே கிடக்கும். அப்பளமாகிப் போனவை எனக்கு உதவாது. ஓரத்தில் அடிபட்டு, வயிறு சிதையாமல், செத்து அதிக நேரம் ஆகாதவையாகப் பார்த்துப் பொறுக்குவேன். மாரியம்மனுக்கு நடந்து போகிற மஞ்சள் சேலைக் கூட்டம் ஒன்று ஒருமுறை நின்று பார்த்தது. அதில் ஒரு பெரியம்மா, "எதுக்குய்யா இது, மருந்துக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா, படிப்புக்கு" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "படிச்சுத்தான் இப்படி ஆயிட்டான் போல."

தேரை செத்தாலும் புழு சில மணி நேரம் உயிரோடு இருக்கும். வெளியே எடுத்ததும் பயத்தில் தும்பிக்கையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படியே சாராயத்தில் போட்டால் முள்ளைப் பார்க்கவே முடியாது. தண்ணீரில் போட்டுக் குளிரில் வைத்தால், மறுநாள் ஊறிப்போய்த் தும்பிக்கையைத் தானாக நீட்டும். குளிர் என்றால் எங்கள் வீட்டில் ஒரே இடம்தான், மதினியின் பிரிட்ஜ். தயிர்ச் சட்டிக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் என் கண்ணாடிக் குப்பி இருக்கும். அதன்மேல் மதினி ஒரு வெடி லேபிளைக் கிழித்து ஒட்டியிருந்தாள். ராக்கெட் படம். அதைப் பார்த்தால் யாரும் குடிக்க மாட்டார்களாம்.

அண்ணன் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். மதினி எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் சரவெடிக்குச் சரம் பின்னுகிறாள். ஒரு அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். அவள் அறையிலும் அவளோடு சேர்த்து நாலு பெண்கள். உரசினால் பொறி பறக்கும், அதனால் தரையில் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே பாடம். வீட்டிலும் மதினி நாற்காலியைக்கூட இழுக்க மாட்டாள். என் பழைய மைக்ராஸ்கோப்பை மேசையில் நகர்த்த வேண்டுமென்றாலும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கித்தான் வைப்பாள்.

என் ஆராய்ச்சிக்குக் கடைசிக் கெடு வந்துவிட்டது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. நாலு அத்தியாயம் முடிந்திருந்தது. எந்தத் தேரையில் எத்தனை புழு, எந்த ஓணானில் எத்தனை என்று நீளமான பட்டியல். "பட்டியல் போட்டா பட்டம் குடுத்துருவாங்க. ஆனா வேலை குடுக்கணும்னா புதுசா ஒண்ணு வேணும்பா" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்தப் புதுசு ஐந்தாவது அத்தியாயத்தில் வர வேண்டும். அதற்கு ஒரு தலைப்பும் ஒரு வெற்றுத் தாளும் மட்டும் இருந்தன.

அந்த ஐப்பசியில்தான் அந்தப் புழு கிடைத்தது. ஊருக்கு ரோடு பிரிகிற அச்சங்குளம் விலக்குக்குப் பக்கத்தில் கிடந்த ஒரே தேரையின் குடலில் பதினொரு புழுக்கள். குளிரில் வைத்ததும் எல்லாமே தும்பிக்கையை அழகாக நீட்டிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கோ என்பது போலக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கிளிசரினில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, அந்தக் கண்ணாடியை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்திப் புழுவை உருட்டினேன். ஒரு முள் நுனி உடைந்திருந்தது. அதை ஆரம்பம் என்று வைத்துக்கொண்டு சுற்றிலும் எண்ணினேன். ஏழு வரிசை. வரிசைக்குப் பத்து முள்.

புத்தகத்தைத் திறந்தேன். தேரைப் புழுக்களில் ஏழு வரிசை என்று ஒரு வழியே இல்லை. மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிரிட்ஜில் இருந்து எடுத்தேன் என்பது பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, ராக்கெட் படம் இல்லாத பாட்டில்.

பேராசிரியர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். மைக்ராஸ்கோப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் சொன்னேன்.

"ஏழா? திருப்பி எண்ணுங்க" என்றார்.

பதினொரு புழுவையும் எண்ணினேன். பதினொன்றிலும் ஏழு வரிசை, வரிசைக்குப் பத்து. ஒரே தவறைப் பதினொரு தடவை செய்தால் அதற்கு உறுதி என்று பெயர் வந்துவிடுகிறது. இதை இப்போது சொல்கிறேன். அப்போது நான் இருந்த இருப்பே வேறு. பேராசிரியர், "படம் வரைஞ்சு எழுத ஆரம்பிங்க. என்ன பேர் வைக்கிறதுன்னும் யோசிங்க" என்றார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மதினி வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன். "மதினி, புதுசா ஒரு புளு கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப் போறேன். உங்க பிரிட்ஜுலதான அது தலைய நீட்டுச்சு."

"ஆத்தாடி! உங்களுக்குச் சோறு போட்டதுக்கு இதா?"

"அறிவியல்ல அது பெரிய மருவாதை மதினி. உலகம் இருக்குற வரைக்கும் பேரு இருக்கும்."

"தேரை வயித்துக்குள்ளயா?"

முறைத்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாளே அவள் அறையின் மற்ற மூன்று பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் கம்பெனிக் கணக்கப்பிள்ளை வரை போயிற்று. யாராவது ரோட்டில் பார்த்தால், "ஒங்க புளு பேப்பர்ல வந்துருச்சா?" என்று மதினியிடம் கேட்டார்கள். மதினி, "அதுக்கெல்லாம் நாளாகும்க்கா. வெளிநாட்டுல போயி ஒப்புதல் வாங்கணும்ல" என்று என்னைவிட விவரமாகப் பதில் சொல்வதை நான் கேட்டேன். அவள் பெயர் அதுவரை அச்சில் வந்த இடம் ரேஷன் கார்டும் ஓட்டுப் பட்டியலும்தான். ஆயுசில் லட்சம் சரம் பின்னியிருப்பாள். ஒன்றிலும் பின்னியவர் பெயர் இருக்காது.

படம் வரைய அண்ணன் பிரஸ்ஸிலிருந்து கழிவுத் தாள்கள் கொண்டுவந்தான். ஒரு பக்கம் கலர் விலகி அச்சாகிப்போன வெடி லேபிள்கள், மறுபக்கம் பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளையில் தும்பிக்கையை நீளவாக்கில் வெட்டிப் பாயாக விரித்தது போல வரைந்தேன். ஒவ்வொரு முள்ளும் சரியான இடத்தில், சரியான வளைவோடு. நாலு நாள் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தரையில் விரித்து வைத்து மதினியைக் கூப்பிட்டேன். பெருமைப்படத்தான், வேறு ஒன்றும் இல்லை.

மதினி குனிந்து பார்த்தாள். விரல் நுனிகளில் வெடி சுற்றும் தாளின் சிவப்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சிவப்பு. அந்த விரலைத் தாளில் படாமல் மேலாக ஓட்டினாள்.

"ஏளு சரம். சரத்துக்குப் பத்து வெடி" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. படிக்காத ஒருத்தி, நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே, அதே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டாள். இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதையும் அத்தியாயத்தில் சேர்க்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

அண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். பிரஸ்காரனுக்குத் தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. என் மேசையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, குந்தி உட்கார்ந்து, படத்தின்மேல் நட்டக்குத்தலாக வைத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"பதினாலு" என்றான், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமல்.

"என்ன பதினாலு?"

"வரிசை. பதினாலு. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு."

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாருங்க. ஏளு" என்றாள் மதினி.

"ஏ இவளே, லைனு நேரா போறதுதான வரிசை? இந்தா பாரு. ஸ்கேலை இங்கன வச்சா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கொஞ்சம் தள்ளி வச்சா மறுபடி அஞ்சு."

"நடுவுல இருக்குறதை விட்டுட்டுப் போனா எப்படிங்க? எடது ஒண்ணு, வலது ஒண்ணு, எடது ஒண்ணு, வலது ஒண்ணு. ரெண்டும் சேந்தாத்தான் ஒரு சரம். ஒத்தப் பக்கமா எவளாச்சும் பின்னுவாளா?"

"இது சரமாடி? புளுவோட தலை!"

"தலைன்னாலும் சரம் மாதிரித்தான இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேரைப் புழுவுக்காகப் புருசன் பெண்டாட்டி சண்டை போட்ட வீடு இந்த ஜில்லாவில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்லு என்பது போல. ஆனால் மதினி, "எடது ஒண்ணு, வலது ஒண்ணு" என்று சொன்னபோது என் வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாக அசைந்ததை நான் பார்த்துவிட்டேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வீடுகளில் சரம் பின்னக் கொடுப்பார்கள். இப்போது அதெல்லாம் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அண்ணனும் அம்மாவோடு உட்கார வேண்டும். அண்ணன் சீக்கிரமே பிரஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் காலேஜ் சேரும் வரை பின்னினேன். இடப்பக்கம் ஒரு வெடி, வலப்பக்கம் ஒரு வெடி, நடுவில் நூல். இடது, வலது, இடது, வலது. பார்க்காமலே பின்னுவேன். பாடம் படித்துக்கொண்டே பின்னுவேன். காலேஜில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. விரலில் இருந்த சிவப்பை ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேன். சிவப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் புழுவை வைத்தேன். முட்கள் பக்கத்து வரிசைகளில் ஒன்றுக்கொன்று விலகி, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் முள் வருகிற மாதிரி அமைந்திருந்தன. கீழிருந்து மேலே போகும்போது எனக்கு மிக அருகில் இருந்த அடுத்த முள் நேர் மேலே இல்லை, சாய்வாக இருந்தது. நான் அதற்குத் தாவியிருக்கிறேன். அங்கிருந்து மறுபக்கம் சாய்வாகத் தாவியிருக்கிறேன். இரண்டு வரிசைகளைச் சேர்த்து ஒரு சரமாகப் பின்னிப் பின்னி மேலே ஏறியிருக்கிறேன். பதினொரு புழுவிலும். அண்ணன் செய்தது போல நேராகப் பார்த்தால் பதினாலு வரிசை, வரிசைக்கு ஐந்து. புத்தகத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியின் முடிவில் ஒரு பெயர் இருந்தது. ரொம்பப் பழைய பெயர். ஊர் ஊருக்குத் தேரையில் கிடைக்கிற சாதாரணப் புழு.

பதினாலில் பாதி ஏழு என்பது ஒரு விரிவுரையாளருக்கு எட்டாமல் போனதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பேராசிரியருக்குக் கண் சரியில்லை. படத்தில் வரிசைகளைக் கொஞ்சம் வளைத்து வரைந்தால் ஏழு என்றே தெரியும். தேரைப் புழுவின் தலையை எண்ணிப் பார்க்க இன்னொருத்தன் வர எத்தனை வருஷம் ஆகும்? அதற்குள் எனக்கு வேலை கிடைத்திருக்கும், மதினி பெயர் அச்சாகியிருக்கும். ஆனால் எப்போதாவது ஒருவன் வருவான், ஸ்கேலை வைப்பான், தப்பு என்று எழுதுவான். அப்படி எழுதும்போது அந்தப் புழுவுக்கு நான் வைத்த பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும். உலகம் இருக்கிற வரைக்கும் என்று நான் சொன்னேனே, அது அந்தத் தப்புக்கும் சேர்த்துத்தான்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். சரம் பின்னியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. பிறகு சொன்னார். "நான் அறுபத்திநாலு வயசு வரைக்கும் எத்தனையோ தப்பு எண்ணிக்கை பாத்திருக்கேன். இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை. பட்டியலோட நிறுத்திக்குவோம்பா. பட்டம் வாங்கிருவீங்க."

வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மதினியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். புழு பழசு. பேர் ஏற்கனவே இருக்கிறது. அண்ணன் சொன்னதுதான் சரி. அண்ணன் சந்தர்ப்பம் தெரிந்து, ஜெயித்த முகத்தைக் காட்டாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மதினி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள், சத்தம் வராமல்.

"அப்ப நாளைக்கு அவளுக கேட்டா என்ன சொல்லட்டும்?"

"எங்கொழுந்தனுக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லுங்க மதினி."

"அதை அவளுக ஏற்கனவே சொல்லுறாளுக." சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. ஏதோ கணக்குப் போட்டாள். "ஏங்க, ஏளு பத்து எம்புட்டு?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"எழுவது."

"பதினாலு அஞ்சு?"

"எழுவது."

"அப்ப நாம ஒரு முள்ளையும் விடலையே. ஒண்ணைக்கூட ரெண்டு தடவை எண்ணலையே." என் தட்டில் இன்னும் ஒரு கரண்டிச் சோறு வைத்தாள். "வரிசைதான் மாறிப்போச்சு. எண்ணுனது சரின்னு சொல்லிருதேன்."

என் ஆய்வேட்டில் ஐந்தாவது அத்தியாயம் இல்லை. நாலாவதில், அச்சங்குளம் விலக்கில் கிடைத்த பதினொரு புழுக்களின் விவரத்தில், வரிசை பதினாலு, வரிசைக்கு ஐந்து என்று எழுதிவிட்டு, மொத்தம் எழுபது முட்கள் என்றும் எழுதியிருந்தேன். கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பேராசிரியர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "மொத்தத்தை யாரும் போடுறதில்லையே. இது எதுக்கு?"

"இருக்கட்டும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார்.